இடது கைப் பன்றி

"உன் இடது கை எது?" என்று பள்ளி மைதானத்தில் உடற்பயிற்சி வாத்தியார் ஒருநாள் கேட்டார், நான் தூக்கியது வலது கை, நாற்பது பேரும் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே இருந்தார்கள், பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தையே விட்டேன்... இப்போதும் அதே கேள்வி, கேட்கத்தான் ஆளில்லை. அருங்காட்சியகக் கிடங்கில், என் மேசைமேல், பச்சைக்கல்லான ஜேடில் செதுக்கிய இரண்டு பன்றிகள், விரல் நீளம், ஏழெட்டுக் கீறலில் உடம்பே முடிந்துவிட்டது, சீனாவில் ஹான் அரசர்கள் காலத்தில் இறந்த ஒரு பெண்ணின் கைக்கொன்றாக இருந்தவை, வெறுங்கையோடு போகக்கூடாதென்று பிடிக்க வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் இரண்டு காலிப் பைகள், இரண்டு சீட்டுகள். எண் மூன்று, இடது கை. எண் நான்கு, வலது கை. எது எந்தப் பையிலிருந்து வந்தது?

கையுறையைக் கழற்றியதே தப்பு. அப்பா கழுத்தில் தொங்கும் ஜேடு வில்லையை நாள் முழுக்கத் தேய்ப்பார், எங்கள் தெருவே தேய்க்கும், உடம்புச் சூடு பட்டால்தான் கல்லுக்கு உயிராம். இரண்டாயிரம் வருடம் மண்ணுக்குள் குளிர்ந்து கிடந்ததே என்று நானும் கைக்கொன்றாக வைத்துத் தேய்த்தேன், அந்த இறந்தவளைப்போல் கண்ணைக்கூட மூடினேன்... தொலைபேசி அடித்தது, திடுக்கிட்டு இரண்டையும் பஞ்சுமேல் போட்டேன். ஒன்றுக்குக் காது உடைந்திருக்கிறது. அது இடதா? எங்கே போய்ப் பார்ப்பது, நிறம், எடை, குறை எல்லாவற்றையும் முதன்முதலில் எழுத வேண்டியவளே நான்தானே. எழுதி, மெல்லிய தூரிகையால் வயிற்றில் எண் போட்டு, மேலே பூச்சும் பூசிவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்... சொல்லிவிட்டால்? மூன்று மாதத் தற்காலிக வேலை இன்றோடு போகும். பதிவேட்டுப் பொறுப்பாளர் ஷென் அக்கா இயக்குநரிடம் எனக்காகப் பேசியது, "அவளுக்கு சர்டிபிகேட் இல்ல, ஆனா கை சுத்தம்" என்று, அதுவும் போகும்.

"என்ன நிங், இன்னும் முடிக்கலையா? ரெண்டும் குட்டி போட்டு நாலாயிடப் போவுது." அக்காதான், வாசலில், தேநீர்க் குடுவையோடு.

"முடிஞ்சிடுச்சுக்கா."

என் வாயா சொன்னது?

"இடது எது?"

காது உடைந்ததைத் தொட்டேன், தொட்டது எந்தக் கை என்றுகூடத் தெரியவில்லை. அக்கா அதை எடுத்து உள்ளங்கையில் மூடினார். சிரிப்பு நின்றது. மற்றதையும் எடுத்தார். அதுவும் சூடாகத்தான் இருந்திருக்கும். மேசையில் கிடந்த என் கையுறைகளைப் பார்த்தார், பன்றிகளைச் சீட்டின்மேல் வைக்காமல், பஞ்சிலேயே அருகருகே வைத்தார். கேட்டால் சொல்லிவிடுவேன் என்றுதான் நினைத்தேன், கேட்காமல் நிற்கிறாரே, கேட்காவிட்டால் நான் சொல்லமாட்டேனா... அக்கா குடுவையின் மூடியைத் திருகினார், என்னைப் பார்க்காமல் வெளியே போனார்.