மாப்பிள்ளை எட்டிப் பார்க்கும் ஓட்டை

டமார் என்று படகுக்குள்ளிருந்து சத்தம் கேட்டதும் மணப்பெண் அலறிக்கொண்டு மாப்பிள்ளையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். காலையிலிருந்து நான் கெஞ்சியும் வராத நெருக்கம். படம் எடுத்திருக்க வேண்டும். கேமராவைத் தாழ்த்திவிட்டு எட்டிப் பார்த்தேன். படகின் ஓட்டை வழியாக, வாயில் ஆணிகளைக் கடித்தபடி ஒரு தலை நீண்டது. என் தம்பி லம்ஜத்.

"எப்படா வந்தே?"

"காலைக் கப்பல்லக்கா. அம்மாவப் பார்த்தேன், சுத்தியல எடுத்தேன், வந்துட்டேன்."

அது அப்பாவின் படகு. அவர் இறந்த பிறகு ஒரு குளிர்கால இரவில் கயிறு அறுந்து கல்லில் மோதி உடைந்ததாகச் சொன்னார்கள். அன்றிலிருந்து மணலில் ஒருக்களித்துக் கிடக்கிறது. எங்கள் கெர்கென்னாத் தீவின் கரை முழுக்க இப்படித்தான்: உளுத்த படகுகள், எட்டுக்கால் பேய்க்கணவாயைப் பிடிக்கக் கடலில் இறக்கும் மண்பானைகளின் சில்லுகள், வலைக் குப்பை. எங்களுக்குக் காலில் குத்துகிற சங்கதி; எதிர்க்கரை ஸ்ஃபாக்ஸ் நகரத்திலிருந்து கல்யாணப் படம் எடுக்க வரும் ஜோடிகளுக்கு அதைவிட அழகு உலகத்தில் இல்லை. அதிலும் அப்பா படகின் ஓட்டைக்குத்தான் கிராக்கி. மாப்பிள்ளை உள்ளேயிருந்து முகத்தை நீட்டுவான், பெண் வெளியே நின்று வெட்கப்படுவாள். தீவில் என்னை ஓட்டை ரஃபீக்கா என்றால்தான் தெரியும். நானும் அந்தப் படகின் மேல் ஓர் ஆணிகூட அடிக்க விட்டதில்லை. காற்றடித்த இரவுகளில் மட்டும் போய் அதற்கு ஒரு கல் முட்டுக் கொடுத்துவிட்டு வருவேன்.

லம்ஜத் புதுப் பலகை ஒன்றை ஓட்டையின் மேல் வைத்து அளவு பார்த்தான்.

"இன்னைக்கு இத அடைச்சுடுவேன்."

"என் பொழப்ப அடைக்கப் போறேன்னு சொல்லு."

"இந்தத் தீவுல ஓட்டைக்கா பஞ்சம்? வேற பாருக்கா."

மணப்பெண் சிரித்துவிட்டாள். "தம்பி, ஒரே ஒரு படம். அப்புறம் அடைச்சுக்குங்க" என்றாள். அந்த ஒன்றை எடுத்து அவர்களை விருந்துக்கு அனுப்பிவிட்டுத் திரும்பினேன். அப்போதுதான் படகின் மறுபக்கம் சாக்குப்போட்டு மூடிய டீசல் கேன்கள் கண்ணில் பட்டன. எங்கள் கடலில் இடுப்பளவு ஆழத்துக்கே வெகுதூரம் நடக்கலாம். இங்கே மீன் பிடிக்கிறவனுக்கு இத்தனை கேன் எதற்கு? பக்கத்து வீட்டு வஜ்தியும் இவனும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பத்து வருடத்துக்கு முன் இத்தாலிக்கென்று படகேறிய வஜ்தி கரை சேர்ந்ததாகத் தகவல் இல்லை. அவன் அம்மா இன்னும் அவனுடைய போனுக்கு ரீசார்ஜ் செய்துகொண்டிருக்கிறாள்.

"எதுக்குடா இவ்வளவு டீசல்?"

"மீன் பிடிக்கத்தான்."

"எந்த ஊரு மீன்? இத்தாலி பேசுற மீனா?"

அவன் சிரித்தான். என் கையைப் பிடித்து இழுத்து ஓட்டையின் விளிம்பில் வைத்தான்.

"ஊர்ப்பட்ட படம் எடுத்திருக்கியே, என்னைக்காவது இதத் தடவிப் பார்த்திருக்கியா?"

கல்லில் மோதிய மரம் நார்நாராகப் பிய்ந்திருக்கும். உளுத்த மரம் பிஸ்கட் மாதிரி உதிரும். இது வழவழவென்று சாய்வாக இருந்தது. ஒரு வெட்டு, அதன் பக்கத்தில் இன்னொரு வெட்டு. இத்தனை வருடமும் முகங்களைத்தான் துல்லியமாக எடுத்திருக்கிறேன். விளிம்பை எப்போதும் மங்கலாக்கிவிட்டிருந்தேன்.

"கோடாலிக்கா" என்றான் லம்ஜத். "இந்தப் படகுலதான் நானும் வஜ்தியும் போறதா இருந்தோம். உனக்குக்கூடச் சொல்லல. கிளம்புற அன்னைக்கு விடியக்காலைல வந்து பார்த்தா இப்படிக் கெடக்கு. கல்லுல மோதிடுச்சுன்னு ஊரே சொல்லுச்சு, நானும் இன்னைக்கு வரைக்கும் நம்பிட்டிருந்தேன். அவன் வேற படகப் பிடிச்சுப் போய்ட்டான். எனக்கு அதுல எடமில்ல." ஆணியை உள்ளங்கையில் உருட்டினான். "யாருக்கா வெட்டினது?"

"சத்தியமா தெரியாதுடா."

"அம்மாகிட்ட கேளு. நான் கேட்டா செருப்பு வரும்."

வீட்டு முற்றத்தில் அம்மா பேய்க்கணவாயைக் கல்லில் அடித்துக்கொண்டிருந்தாள். மகன் வந்திருக்கிறான் என்று காலையிலேயே ஒன்றைச் சமைத்தாகிவிட்டது, இது ராத்திரிக்கு. அடுப்பில் பார்லி ரவையில் செய்த குஸ்குஸ் ஆவி விட்டது. மிளகாய்க் காரம் தெரு வரை வந்து மூக்கைப் பிடித்தது.

"அம்மா, அவன் அப்பா படக அடைக்கிறான். டீசல் வேற வாங்கி வச்சிருக்கான். நீ பாட்டுக்குச் சும்மா இருக்கே?"

"அடைக்கட்டுமே. ஆம்பளப் புள்ள அதிசயமா ஒரு வேலை செய்றான், கண்ணு போடாதே."

"போய்டுவாம்மா!"

பளார், பளார் என்று கல்லில் அடி விழுந்துகொண்டே இருந்தது.

"அந்த ஓட்டை கல்லுல மோதினது இல்லையாம். யாரோ கோடாலியால வெட்டியிருக்காங்களாம். யாருன்னு உன்னைக் கேட்டுட்டு வரச் சொன்னான்."

அடி நின்றது. அம்மா கையைக் கழுவி முந்தானையில் துடைத்தாள். பெரிய கிண்ணத்தில் குஸ்குஸை அள்ளி வைத்து, குழம்பில் துழாவி இருப்பதிலேயே தடித்த துண்டாகப் பொறுக்கி மேலே வைத்தாள். துணிபோட்டு மூடி, சூடு ஆறுவதற்குள் என் கையில் திணித்தாள்.

"ஓடிப் போய்க் குடு. சாப்பிட்டு முடிச்சதும், அந்தக் கோடாலி இன்னும் மழுங்கலன்னு சொல்லு."