வாயில் பதுக்கிய பாதாம்

ஐந்து வயது ஸிக்னே வாயைத் திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தாள். தொண்டையில் வீங்கிய இரண்டு சதைகளையும் இன்று எடுத்தாக வேண்டும். டேனிஷ் மொழியில் அந்தச் சதைக்கும் பேர் ‘பாதாம்’தான். அந்த நாட்டில் கிறிஸ்துமஸ் பாயசத்தில் ஒரே ஒரு முழுப் பாதாமைப் போடுவார்கள்; அது யாருக்குக் கிடைக்கிறதோ அவருக்குப் பன்றிப் பொம்மை மாதிரி ஒரு பரிசு. கிடைத்ததை, மற்றவர்கள் சட்டியைக் காலி செய்யும்வரை வாய்க்குள் பதுக்கிவைப்பதில்தான் வேடிக்கையே.

“இப்பவே காட்டினா ஆட்டமே போச்சு!” என்றாள், பல்லைக் கடித்தபடியே.

அப்பா யெப்பே கெஞ்சிக் கெஞ்சி ஓய்ந்துபோனான். டாக்டரம்மாதான் தன் வயிற்றைத் தடவிக்கொண்டு, “நாங்க எல்லாரும் சாப்பிட்டாச்சு கண்ணு, சட்டி காலி,” என்றாள். வாய் திறந்தது.

எல்லாம் முடிந்து மயக்கம் தெளிந்ததும் யெப்பே பரிசாக ஒரு பன்றிப் பொம்மையை நீட்டினான். மகள் ஒரு வார்த்தை பேசினால் போதும் என்றிருந்தது அவனுக்கு. ஸிக்னே மெல்ல எச்சில் விழுங்கி, கரகரத்த குரலில் கேட்டாள்:

“ரெண்டு பாதாம் எடுத்தாங்கல்ல? இன்னொரு பரிசு எங்க, அப்பா?”