அடுக்கி முடியட்டும்

"அதுல திறக்காதீங்க மாப்ளே, அண்ணன் போட்டு வெச்ச வரிசையெல்லாம் குலைஞ்சிடும்!" என்று கொழுந்தன் மருமகனின் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கினான்.

"இல்ல மாமா, இது புது பிளேயர். தானாவே எல்லாத்தையும் பிரிச்சுக்கும்."

"பிரிச்சுக் கிழிக்கும். பாடினவங்க பேரையெல்லாம் மாத்தி வெச்சிடுதுன்னு போன வாரம்தான் அண்ணன் அதைத் திட்டினார்."

கூடத்தில் அவள் கணவரின் உடல் கிடந்தது. உள்ளறையில் அவருடைய கணினியின் முன் இரண்டு ஆண்கள் முட்டிக்கொண்டு நிற்பதை அவள் கதவருகில் நின்று பார்த்தாள். வண்டி வரும்வரை அப்பாவுக்குப் பிடித்த பாட்டு ஒன்று ஒலிக்கட்டும் என்று மகள் ஆசைப்பட்டாள். அதற்குத்தான் இந்தக் கூத்து.

நேற்று மாலை அந்த நாற்காலியில்தான் அவர் தலை சாய்ந்தது. எதிரே திரையில் இன்னொரு மென்பொருள் பாதி இறங்கியிருந்தது.

அவள் எப்போது அழப்போகிறாள் என்று காலையிலிருந்து எல்லோரும் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு வந்ததென்னவோ கோபம்தான்.

கல்யாணமான புதிதில் கேசட்டுகளை அடுக்கினார். பிறகு சி.டி.க்களை. பிறகு எல்லாவற்றையும் கணினிக்குள் கொட்டி, அடுக்க மென்பொருள் தேடினார். ஒன்றில் அட்டைப்படம் வராது. ஒன்றில் இசையமைப்பாளர் பெயருக்கு இடமிருக்காது. இன்னொன்று ஒரே படத்தின் பாட்டுகளைப் பத்துப் படங்களாகச் சிதறடிக்கும். மாற்றினார், மாற்றினார், மாற்றிக்கொண்டே இருந்தார். ஒவ்வொன்றையும் சோதிக்க அதே பாட்டுத்தான். முதலில் வயலின்கள், பிறகு ஒரு புல்லாங்குழல். யாராவது வாய் திறந்து பாடுமுன் சொடுக்கி நிறுத்திவிடுவார்.

"முழுசாத்தான் கேட்டா என்னவாம்?" என்று அவள் கேட்காத நாளில்லை.

"இரு, அடுக்கி முடியட்டும். அப்புறம் நீயும் நானும் உக்காந்து நிம்மதியா கேப்போம்."

அதை நம்பி அந்த அறையில் தனக்கென்று ஒரு நாற்காலியும் கொண்டுவந்து போட்டாள். அதன்மேல் வயர்களையும் ஹார்ட் டிஸ்க்குகளையும் குவித்துவைத்தார் அந்த மகாராசன். ஆயுள் முழுக்கத் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு வாய் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். எதிரே அவளையும் பசியோடு உட்காரவைத்துவிட்டு.

"அம்மா, அப்பாவுக்கு எந்தப் பாட்டு ரொம்பப் பிடிக்கும்?" மகள் மெதுவாகக் கேட்டாள்.

"எனக்கென்னடி தெரியும்? ஒரு பாட்டாவது முழுசா கேக்க விட்டாரா அந்த மனுஷன்?"

கூடம்வரை கேட்டிருக்க வேண்டும். அங்கிருந்து இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன.

"அண்ணி, இந்த நேரத்துல போயி..." என்று கொழுந்தன் இழுத்தான்.

"நீ பேசாத. அவரு செத்தும் எந்த பிளேயர்னு இன்னும் முடிவாகல, இல்ல? ரெண்டு பேரும் வெளிய போங்க."

போனார்கள். தன் நாற்காலியில் இருந்த வயர்களையும் டிஸ்க்குகளையும் அள்ளித் தரையில் போட்டாள். ஒரு டிஸ்க் சறுக்கிக்கொண்டு போய்க் கட்டிலுக்கடியில் நுழைந்தது. கிடக்கட்டும். உட்கார்ந்தாள். திரையின் ஓரத்தில் 'சோதனை' என்ற பெயரில் அந்தப் பாட்டு தனியாகக் கிடக்கும். அவர் தோளுக்குப் பின்னால் நின்று எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். சொடுக்கினாள். எதுவோ ஒரு பிளேயர் திறந்துகொண்டது.

வயலின்கள் வந்தன. புல்லாங்குழல் வந்தது. அது இழுத்து நிற்கும் இடம் நெருங்கியதும் அவள் தோள்கள் தாமாகவே இறுகின. அவர் விரல் சொடுக்கும் இடம்.

யாரும் சொடுக்கவில்லை.

ஒரு பெண் பாடத் தொடங்கினாள். இத்தனை வருஷமும் அங்கே ஓர் ஆண் குரல்தான் வரும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கதவருகில் கொழுந்தன் வந்து நின்றான். "அண்ணி, வண்டி வந்துடுச்சு. எடுக்கணும்கறாங்க."

அவள் திரும்பவில்லை. "நிக்கச் சொல்லு. பாட்டு முடியட்டும்."

சற்று நேரத்தில் வெளியே வண்டியின் எஞ்சினை அணைத்தார்கள்.