விரல் தெரியாத கட்டு

கண்ணாடிச் சாமானை உடையாமல் பேக் செய்வதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். விளக்குக் கம்பெனியின் கிடங்கில் பதினெட்டு வருடமாக பேக்கிங் பிரிவு என் பொறுப்பு. போன வருடம் முதலுதவிப் பயிற்சிக்கு ஓர் ஆளை அனுப்பச் சொன்னபோதும் மேனேஜர் என்னைத்தான் அனுப்பினார். ஒரு நாள் வகுப்பு. மத்தியானத்துக்கு மேல் கொஞ்சம் கண் அசந்துவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று காலை ஏணியிலிருந்து விழுந்தது என் சொந்தத் தம்பி. அதே கிடங்கில் மேல்தட்டுப் பெட்டிகளை இறக்குகிறவன். வயது நாற்பத்திரண்டு, எனக்கு இன்னும் மூக்கொழுகிப் பயல்தான். "ஏணியை ஒழுங்கா போடுடான்னு எத்தனை தடவை சொன்னேன்! காதுல வாங்கினாத்தானே?" என்று கத்திக்கொண்டேதான் ஓடினேன். கிட்டே போனதும் சத்தம் அடங்கிவிட்டது. அவனுடைய வலது முன்கை, மடங்கவே கூடாத இடத்தில் மடங்கியிருந்தது.

கூட இருந்த ஒருவன் அதை இழுத்து நேராக்கப் போனான். "தொட்டே, உன் கையையும் சேர்த்துக் கட்டிடுவேன்" என்று விரட்டினேன். நிமிர்த்தக் கூடாது, இருக்கிறபடியே அசையாமல் வைக்க வேண்டும்; வகுப்பில் சொன்னதில் அது நினைவிருந்தது. தடித்த அட்டையை மடித்து, உள்ளே நுரைத்தாள் விரித்து, முழங்கை முதல் விரல்வரை அதில் ஏந்தி வைத்தேன். பிறகு பேக்கிங் பிளாஸ்டிக்கைச் சுற்றினேன். எங்கள் வேலையில் முனை எதுவும் வெளியே தெரியக் கூடாது, உள்ளே ஆட்டம் இருக்கக் கூடாது. கை அந்தப் பழக்கத்தில் ஓடியது. விரல்களையும் நுரைத்தாளில் பொதிந்து, இறுக்கி நாலு சுற்று சுற்றினேன்.

"அக்கா, கொஞ்சம்..."

"வாயை மூடிக்கிட்டு இரு. எனக்குத் தெரியும்."

கம்பெனி வேனில் ஏற்றினோம். "அக்கா கட்டினா கப்பல்ல போனாலும் உடையாது" என்றார் டிரைவர். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள், வண்டி ஊர்ந்தது.

"அக்கா, விரலு..."

"இன்னும் பத்து நிமிஷம்டா. பல்லைக் கடிச்சுக்க."

"இல்லக்கா, நான் என்ன சொல்றேன்னா..."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்."

பாலம் தாண்டியதும் அவனே மெதுவாகச் சொன்னான்: "இப்ப விரல்ல வலி இல்லக்கா. விரல் இருக்கிற மாதிரியே தெரியல."

"பாத்தீங்களா, கட்டு வேலை செய்யுது!" என்றார் டிரைவர்.

எனக்கு அப்போதுதான் வகுப்பு நினைவுக்கு வந்தது. விரல் நுனி வெளியே தெரியணும், மரத்துப்போனா உடனே கட்டைத் தளர்த்தணும். வகுப்பெடுத்த நர்ஸம்மா அதை மூன்று தரம் சொல்லியிருந்தார். நான் தூக்கத்தில் தலையாட்டியிருக்கிறேன், பாவி.

"வண்டியை ஓரங்கட்டுங்க!"

கையை என் மடியில் தாங்கி, இடுப்பில் எப்போதும் செருகியிருக்கும் பேக்கிங் கத்தரிக்கோலால் பிளாஸ்டிக்கை நீளவாக்கில் வெட்டினேன். விரல்கள் வெளுத்துச் சில்லென்றிருந்தன. நகமெல்லாம் நீலம். அட்டையை அப்படியே விட்டு, துப்பட்டாவைக் கிழித்து இரண்டு இடத்தில் தளர்வாகக் கட்டினேன்.

"எப்பலேர்ந்துடா இப்படி?"

"கட்டினதிலேர்ந்து. சொல்ல வந்தேன், நீதான்..." அதோடு நிறுத்திக்கொண்டான்.

அந்தக் கையால்தான் அவன் பெட்டி தூக்குகிறான், மகளுக்குத் தலை பின்னிவிடுகிறான். அது என்னால் போய்விட்டால் அந்தப் பிள்ளை முகத்தில் எப்படி விழிப்பேன்? ஆஸ்பத்திரி வரும்வரை விரல்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நீலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. "தெரியுதாடா?" என்று கேட்டால், "தெரியற மாதிரிதான் இருக்குக்கா" என்றான். என் மனசு நோகக் கூடாதென்று சொன்னானோ என்னவோ.

டாக்டர் அம்மா சின்னப் பெண். "யார் கட்டினது?" என்று கேட்டார். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. தம்பியிடம், "கண்ணை மூடிக்கங்க. எந்த விரலைத் தொடறேன்னு சொல்லணும்" என்றார்.

சுண்டுவிரலைத் தொட்டார். தம்பி கண்ணை மூடியபடியே முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பினான்.

"சுண்டுவிரல்" என்றேன் நான்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "கை உங்களுதா, அவருதா?"

யாரோ அறைந்தது போலிருந்தது. நாற்பத்திரண்டு வருடமாக இவனை நான் பேசவே விட்டதில்லை.

"நீயே சொல்லுடா" என்று சொல்லிவிட்டு, திரைக்கு வெளியே போய் நின்றேன்.

உள்ளிருந்து அவன் குரல் வந்தது. "சுண்டுவிரல்... நடுவிரல்... கட்டைவிரல்... மறுபடி நடுவிரல்..." டாக்டர் எந்த விரலைத் தொடுகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. அவன் சொல்வது சரியா தப்பா என்றும் தெரியவில்லை. திரைத்துணியைப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் சொல்லி முடிக்கும்வரை கேட்டேன்.

"எல்லாமே சரி" என்றார் டாக்டர்.