அச்சு இறுகும் நேரத்தில் மீன் சூப்

இல்திகோ அம்மாளுக்குப் புதுப் பல் கட்டப் பதித்திருந்த இம்ப்ளாண்ட் திருகு ஈறுக்குள் வெகு ஆழத்தில் இருந்தது. மேல்மூடியைக் கழற்றினால், சேற்றில் பதிந்த கால்தடம் போல ஈறு மூடிக்கொள்ளும். அப்படி மூடுவதற்குள், பல்லுக்கு அச்சு எடுக்க உதவும் முளையை அதில் திருகி, எக்ஸ்ரேயில் சரிபார்த்து, பசை நிரப்பிய தட்டை வாயில் வைக்க வேண்டும். பசை இறுகும்வரை தலை அசையக் கூடாது.

டாக்டர் பொதோந்த் கைராசிக்காரர்தான். ஆனால் மீன் சூப்புக்குப் பேர்போன எங்கள் பயா ஊர்க்காரர். எங்கள் ஊரில் மீன் சூப்பைப் பற்றிச் சண்டை போடாத குடும்பம் கிடையாது.

தட்டை வைத்ததும் டாக்டர் கேட்டார்: "ஏம்மா, மீன் சூப்புக்கு மிளகாய்த்தூள் எப்பப் போடுவீங்க? கொதி வர்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

வாய் நிறையத் தட்டோடு இல்திகோ அம்மாள் ஏதோ முனகி, பலமாகத் தலையை ஆட்டினார். அச்சு கோணிக்கொண்டது. இரண்டாம் முறையும் அதே கேள்வி, அதே தலையாட்டல், அதே கோணல்.

உதவியாளரான எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்றாம் முறை தட்டு உள்ளே போனதும், டாக்டரின் முகக்கவசத்தை இறக்கி, பஞ்சு உருளை ஒன்றை அவர் வாயில் திணித்தேன்.

"கடிச்சுக்கோங்க டாக்டர். நான் சொல்ற வரைக்கும் தெறக்கக் கூடாது."

கடித்துக்கொண்டார். பசை இறுகித் தட்டை எடுத்தபோது, ஈறின் விளிம்புகூட அச்சில் தெளிவாக விழுந்திருந்தது.

பஞ்சைத் துப்பிய கையோடு டாக்டர் கேட்டார்: "இப்பவாவது சொல்லுங்கம்மா, முன்னாடியா, பின்னாடியா?"

இல்திகோ அம்மாள் நிதானமாக வாய் கொப்பளித்து, உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"அதத்தானே தம்பி ரெண்டு தடவையும் சொன்னேன், சொல்ல மாட்டேன்னு."