நாலரை நிமிடம்

மேகலாவின் வேலை சும்மா உட்கார்ந்திருப்பது. கேட்பவர்கள் வயிற்றெரிச்சல் படுவார்கள் என்பதால் அவள் வெளியே அப்படிச் சொல்வதில்லை. டெஸ்டிங்கில் இருக்கிறேன் என்பாள்.

ஓசூர் சிப்காட்டில் அவள் போகும் கம்பெனி ஒரு காலத்தில் மோட்டார் பைக்குக்கு மீட்டர் செய்துகொண்டிருந்தது. போன வருஷம் முதலாளிக்கு லண்டனிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் அந்த ஊரில் வீட்டுக்கு வீடு இருந்த ஒரு கம்ப்யூட்டரை, குளியல் சோப்பு அளவுக்குச் சுருக்கிச் செய்து தர வேண்டும். டிவியில் செருகினால் அந்தக் காலத்து விளையாட்டுகள் ஓடும். மேலே இருக்கிற கீபோர்டு வெறும் பொம்மை, அழுத்தினால் அமுங்காது. அம்பது வயதைத் தாண்டிய வெள்ளைக்காரர்கள் சின்ன வயசு ஞாபகத்துக்காக இதை அடித்துப் பிடித்து வாங்குகிறார்கள் என்றார்கள். வாங்கட்டும், யார் வேண்டாம் என்றது.

கூத்து அதற்கப்புறம்தான். அந்தக் காலத்தில் விளையாட்டு டேப் கேசட்டில் வருமாம். கேசட்டைப் போட்டுவிட்டு நாலரை நிமிடம் காத்திருக்க வேண்டும். கீச்சென்று காதைக் குடையும் சத்தம் வரும், திரை ஓரத்தில் கலர் கலராகக் கோடுகள் ஓடும். சில தடவை எல்லாம் வந்து முடிகிற நேரத்தில் நின்று தொலைக்கும், மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். இப்போது கேசட்டும் இல்லை ஒன்றும் இல்லை, கண் இமைக்கும் நேரத்தில் விளையாட்டு வந்துவிடும். ஆனால் வாங்குகிறவர்களுக்கு அந்த நாலரை நிமிடம் வேண்டுமாம். கீச்சுச் சத்தம் வேண்டுமாம். அஞ்சு தடவைக்கு ஒரு தடவை கெட்டுப்போகவும் வேண்டுமாம். காசு கொடுத்துக் காத்திருக்க ஆசைப்படும் ஜனங்களைத் தன் ஊர் பாகலூர் ரேஷன் கடை வரிசையில் ஒரு நாள் நிற்க வைத்தால் எல்லா ஆசையும் தெளிந்துவிடும் என்று மேகலா நினைத்துக்கொண்டாள்.

அப்போது அவள் பேக்கிங்கில் இருந்தாள், காண்ட்ராக்ட் ஆளாக. பதினோரு மாதம் வேலை, பிறகு ஒரு வாரம் வீட்டில் உட்கார், மறுபடி புதிதாகச் சேர். இப்படி அஞ்சு வருஷம். காண்ட்ராக்ட் ஆட்களின் அடையாள அட்டைக்குப் பச்சைப் பட்டை, பர்மனென்டுக்கு நீலப் பட்டை. அவள் அம்மா சரோஜம்மாளோ, மகள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பர்மனென்ட் என்று சொல்லித் தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்துவிட்டிருந்தார். அதனால் மேகலா தினமும் பாகலூரில் பஸ்ஸை விட்டு இறங்குவதற்கு முன்னால் பச்சைப் பட்டையைக் கழற்றிச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுவிடுவாள். அஞ்சு வருஷமாகக் கழற்றிக் கழற்றிக் கழுத்தே கூசிப்போயிற்று. நீலப் பட்டை ஒன்று கிடைத்தால் போதும், அதோடு தூங்கக்கூடத் தயாராக இருந்தாள்.

லண்டன் ஆட்கள் சார்பில் தரம் பார்க்க ஸ்டீவ் என்று ஒருவர் வருகிறார் என்றதும் கம்பெனி அல்லோலகல்லோலப்பட்டது. கேன்டீனில் ரொட்டிக்கு நடுவே வெள்ளரிக்காய் வைத்தார்கள். வந்து இறங்கியவர் இதே மாவட்டத்து நாகரசம்பட்டிப் பக்கத்துக்காரர், பெங்களூரில் வேலை பார்க்கிறார். ரொட்டியைப் பார்த்துவிட்டு, "ராகிக் களி இல்லீங்களா?" என்று கேட்டார்.

தரப் பிரிவுத் தலைவர் நாராயணப்பன் அவரிடம் செய்து முடித்த பீஸ்களைக் காட்டினார். நாராயணப்பன் தெலுங்கில் எண்ணுவார், கன்னடத்தில் திட்டுவார், ரிப்போர்ட்டை மட்டும் தமிழில் சொல்வார். எல்லா அளவும் சரி என்று தமிழில் சொன்னார்.

"அளவு சரிங்க. காத்திருக்கறாப்புல இருக்குதான்னு யாரு பாத்தாங்க?" என்றார் ஸ்டீவ்.

நாராயணப்பன் ஏழு இன்ஜினியர்களை வரிசையாக உட்கார வைத்தார். எல்லாரும் நீலப் பட்டை. பீஸைப் போட்டதும் நாலு பேர் போனை எடுத்தார்கள். ரெண்டு பேர் டீக்குப் போனார்கள். ஒருவர் தூங்கிவிட்டார்.

"ஒருத்தர்கூடக் காத்திருக்கல. நேரந்தான் போயிருக்குது," என்றார் ஸ்டீவ்.

அட்டைப் பெட்டி எடுக்க வந்த மேகலா மட்டும் ஓரமாக நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோடுகள் ஓட ஓட அவள் முகம் மலர்ந்தது. நாலு நிமிடம் ஆனபோது குதிகாலைத் தூக்கிக்கொண்டாள். பீஸ் நின்றது. "ச்சே," என்றாள், முகம் வாடிவிட்டது. ஸ்டீவ் அதைப் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, எந்த எடத்துல நின்னா உனக்குக் கஷ்டமா இருக்குது?"

"ஆரம்பத்துலயே நின்னா ஒன்னும் தெரியாதுங்க சார். பாதியில நின்னா கோவம் வரும், விட்டுட்டுப் போயிருவாங்க. நாலு நிமிசம் இருவது செகண்டுல நிக்கணும். இனிமே வந்துரும்னு நிமிந்து ஒக்காந்திருப்போம் பாருங்க, அப்ப நிக்கணும். அப்பத்தான் மனசு விடாம மறுபடியும் போடுவாங்க."

"இவ்வளவு கரெக்ட்டா எப்பிடிம்மா தெரியும்?"

"மூணு வருசத்துக்கு முன்ன பர்மனென்ட் பண்றோம்னு ஹெச்.ஆர். சார் கூப்புட்டாருங்க. போட்டோ எடுத்தாங்க, ரத்த குரூப்பு கேட்டாங்க, ஷூ சைஸ் எழுதிக்கினாங்க. அப்பறம் அடுத்த வருசம் பாக்கலாம்னுட்டாங்க. நான் போயிட்டனா? இங்கதானங்க இருக்கேன்."

பக்கத்தில் நின்ற ஹெச்.ஆர். மேனேஜர் முனீஸ்வரன், மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனில் ஏதோ முக்கியமான விஷயத்தைக் கவனிக்க ஆரம்பித்தார்.

அன்றைக்கே முடிவாகிவிட்டது. காத்திருப்பை அளக்க மேகலாதான் கருவி. கெட்டுப்போகிற தடவை அவள் சொன்ன நாலு நிமிடம் இருபது விநாடியிலேயே நிற்கும்படி மாற்றினார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பீஸை எடுத்து அந்தத் தடவையை அவள் முன்னால் ஓட விட வேண்டும். அவளுக்கு நெஞ்சில் ஏதாவது தோன்றினால் ஓகே சீல், இல்லாவிட்டால் சிவப்புக் கூடை. கருவி என்றால் அதைச் சரிபார்த்ததற்கு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டுமே. நாராயணப்பன் அவள் அடையாள அட்டையில் ஸ்டிக்கர் ஒட்டி, அடுத்த சரிபார்ப்புத் தேதியையும் எழுதினார். அடுத்த மாதம் ஆடிட்டுக்கு வந்தவர் ஸ்டிக்கரைப் பாராட்டினார். பச்சைப் பட்டையைப் பார்த்து முகம் சுளித்தார். அளக்கும் கருவி கம்பெனியின் சொந்தச் சொத்தாக இருக்க வேண்டும், காண்ட்ராக்டரிடம் இரவல் வாங்கியதாக இருக்கக் கூடாது என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்.

அஞ்சு வருஷமாக நடக்காதது அரை மணி நேரத்தில் நடந்தது. முனீஸ்வரன் பல்லைக் கடித்துக்கொண்டு பர்மனென்ட் லெட்டரையும் நீலப் பட்டையையும் கொண்டுவந்து கொடுத்தார். மேகலா பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். வீட்டில் சரோஜம்மாளுக்குத்தான் தர்மசங்கடம். ஏற்கெனவே இனிப்பு கொடுத்தாயிற்று, இப்போது எதைச் சொல்லிக் கொடுப்பது? மாடு கன்று போட்டிருக்கிறது என்று சொல்லிக் கொடுத்தார். மறுநாள் தெருவே சீம்பால் கேட்டுச் சொம்போடு வந்து நின்றது.

அடுத்த திங்கட்கிழமை மேகலா நீலப் பட்டையோடு உட்கார்ந்தாள். கோடுகள் ஓடின, கீச்சுச் சத்தம் வந்தது. நாலு நிமிடம் இருபது விநாடியில் பீஸ் நின்றது. அவளுக்கு ஒன்றுமே தோன்றவில்லை. மனசு கல்லுக்குண்டாட்டம் உட்கார்ந்திருந்தது. சரி, ஒரு பீஸ் அப்படித்தான் என்று சிவப்புக் கூடையில் போட்டாள். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். சாயங்காலத்துக்குள் கூடை நிறைந்து, பக்கத்துக் கூடையும் நிறைந்தது.

நாராயணப்பன் வயரை மாற்றிப் பார்த்தார், டிவியை மாற்றிப் பார்த்தார், நாற்காலியை மாற்றிப் பார்த்தார். கன்னடத்தில் தெரிந்ததை எல்லாம் திட்டித் தீர்த்துவிட்டுத் தெலுங்குக்கு வந்தார். கடைசியில் கெஞ்சினார்.

"சும்மா ஓகேன்னு குத்திட்டுப் போம்மா. யாருக்குத் தெரியப்போவுது?"

"தோணலையேங்க சார். தோணாம எப்பிடிங்க குத்தறது? லண்டன்ல ஒருத்தரு ஆசையா வாங்கி ஒக்காந்து பாப்பாருல்லீங்களா?" என்றாள். அவளுக்கு அழுகையாக வந்தது. அப்படி ஒரு நேர்மை அவளுக்கு. காண்ட்ராக்ட் ஆட்களுக்கு அது வந்துவிடுகிறது, ஒரு பீஸ் தப்பினாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் பழகியது.

நாலு நாள் சரக்கு வெளியே போகவில்லை. சென்னைத் துறைமுகத்துக்குப் போக வேண்டிய கன்டெய்னர் லாரி கேட்டில் நின்றது. ஸ்டீவ் பெங்களூரிலிருந்து ஓடிவந்தார். இந்த மாதிரி நேரத்தில் சிப்காட்டில் செய்வது ஒன்றுதான். ஏன், ஏன் என்று அஞ்சு தடவை கேட்டு எழுதினால் ஆறாவது வரியில் மூல காரணம் வந்து நிற்கும். முனீஸ்வரனே பேனாவைப் பிடித்தார். ஏன் ரிஜெக்ட்? மேகலாவுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை? அவள் காத்திருக்கவில்லை. ஏன் காத்திருக்கவில்லை? காத்திருக்க அவளுக்கு ஒன்றும் இல்லை. ஏன் இல்லை? பர்மனென்ட் ஆகிவிட்டாள். ஏன் ஆனாள்? நாம் ஆக்கினோம். முனீஸ்வரனுக்கு அவ்வளவு சந்தோஷம் அவர் கல்யாணத்தில்கூட வந்திருக்காது.

மேகலாவிடம் வந்து தேன் ஒழுகப் பேசினார். "லெட்டர்ல கம்பெனி முத்திரை விட்டுப்போச்சும்மா. குடு, குத்தி நாளைக்குத் தந்துடறேன். அந்தப் பட்டையும் குடுத்துரு, புது டிசைன் வருது. அதுவரைக்கும் பச்சையையே போட்டுக்க."

அவள் பிளாஸ்டிக் கவரிலிருந்து லெட்டரை எடுத்துக் கொடுத்தாள். மறுநாள் கேட்டாள். நாளைக்கு என்றார். அதற்கு மறுநாளும் நாளைக்குத்தான். மூன்றாம் நாள் காலையில் அவள் நோட்டீஸ் போர்டு பக்கமாக வந்தாள். மூல காரணம் எழுதிய தாளை எல்லாரும் படிக்கும்படி ஒட்டிவைக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. நாராயணப்பன் விதியைத் தவறவிட்டதே கிடையாது. தாள் போர்டில் பளிச்சென்று ஒட்டியிருந்தது, கீழே தீர்வு என்ற கட்டத்தில் 'லெட்டரைத் திரும்பப் பெறுதல், பொறுப்பு: ஹெச்.ஆர்.' என்றும் இருந்தது. மேகலா அதை ரெண்டு தடவை படித்தாள். காதெல்லாம் சூடாகியது. இத்தனை வருஷமும் தன்னை நாலு நிமிடம் இருபது விநாடியில் நிறுத்தி நிறுத்தி வைத்திருந்தது தன் தலையெழுத்து இல்லை, இந்த ஹெச்.ஆர். மனுஷன்தான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

நேராகப் போய் மேஜை முன்னால் உட்கார்ந்தாள். பச்சைப் பட்டை கழுத்தில் அரித்தது. ஸ்டீவும் நாராயணப்பனும் முனீஸ்வரனும் பின்னால் நின்றார்கள். கோடுகள் ஓடின. நாலு நிமிடம் ஆனபோது, எவ்வளவு அடக்கியும், நீலப் பட்டையின் நினைப்பு வந்துவிட்டது. இருபது விநாடி. பீஸ் நின்றது. மேகலாவின் கண்ணீர் பொலபொலவென்று மேஜையில் விழுந்தது.

"எப்பிடிம்மா இருக்குது பீஸு?" என்றார் ஸ்டீவ்.

"ரொம்ப நல்லா இருக்குதுங்க சார். நெஞ்சே அடைச்சுப் போச்சு."

நாராயணப்பன் கை தட்டினார். முனீஸ்வரன் ஸ்டீவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அப்ப சீல குத்தும்மா," என்றார் நாராயணப்பன்.

மேகலா சீலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்குக் குத்தறங்க சார்," என்றாள்.

"நாளைக்கா? ஏன் நாளைக்கு?" என்றார் முனீஸ்வரன்.

"முத்திரை விட்டுப்போன லெட்டரு ஒன்னு வரணுங்க. வந்தா குத்தறேன்."

மூன்று பேரும் அவள் கையில் இருந்த சீலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். லாரி டிரைவர் கதவு வழியாகத் தலையை நீட்டி, "ஆயித்தா?" என்று கேட்டான், கன்னடத்தில் முடிந்ததா என்று. அவள் சீலை மைப் பெட்டிப் பக்கம் கொண்டுபோனாள். முனீஸ்வரனின் முகம் மலர்ந்தது. மேகலா சீலைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். முனீஸ்வரனின் வாயிலிருந்து அவரையறியாமல் "ச்சே" என்று வந்தது. ஸ்டீவ் நாராயணப்பனின் காதில், "இவரையும் ரெண்டாவது கருவியா வெச்சுக்கலாமுங்க," என்றார்.

பதினோரு நிமிடத்தில் லெட்டர் வந்தது, முத்திரையோடு. நீலப் பட்டையும் வந்தது, பழைய டிசைனிலேயே. மேகலா லெட்டரை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள், முத்திரையை விரலால் தடவிப் பார்த்தாள், மடித்துச் சாப்பாட்டுப் பையின் அடியில் வைத்தாள். அதற்கப்புறம் அந்தப் பீஸுக்கு ஓகே குத்தினாள்.

அடுத்த பீஸைப் போட்டாள். நாலு நிமிடம் இருபது விநாடியில் நின்றது. ஒன்றும் தோன்றவில்லை. போன வாரம் இதற்காக அழுதவள்தான். லண்டனில் ஆசையாக உட்கார்ந்து பார்க்கப்போகிற அந்த மனிதரை ஒரு நொடி நினைத்தாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் சிவப்புக் கூடை நிறைந்தால் லெட்டர் மறுபடி முத்திரை குத்தப் போய்விடும். ஓகே குத்திவிட்டு அடுத்ததை எடுத்தாள்.