பிந்தி வந்த டிக்

"லேட்டா வர்றேக்கா, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"யாருடா லேட்டு? விகாரையில நான் எடுத்துக் கொடுத்தாத்தான் அத்தனை ஜனமும்..."

"அங்கே கம்ப்யூட்டர் இல்லக்கா! இது பொய் சொல்லாது. தாளக் கோடு இங்கே, உன் குரல் அங்கே. நீயே பாரு."

மரகதம் பார்த்தாள். அங்கேதான் இருந்தது.

பிரேசர் டவுன் வீட்டின் பின்னறை ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, அதற்கு ஸ்டுடியோ என்று பெயர் வைத்திருந்தான் தம்பி முனிராஜ். புத்த பூர்ணிமாவுக்கு விகாரையில் ஒரு சிடி வெளியிடுவதாக ஏற்பாடு. முதல் பாட்டு மரகதத்துக்கு என்று பேச்சு. காலையிலிருந்து பாடுகிறாள், எத்தனை தடவை பாடினாலும் திரையில் அவள் குரல் கோட்டுக்கு ஒரு விரற்கடை பின்னால்தான் போய் உட்கார்ந்தது.

"கோவிச்சுக்காதேக்கா. எங்க ஆபீஸ் வீணாவை வரச்சொல்லிட்டேன். உன் பாட்டை அவ பாடிடுவா."

மரகதம் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள். அது அங்கேயும் டிக் டிக்கென்று தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"நான் ஏன் கோவிச்சுக்கப் போறேன். என் பாட்டை இன்னொருத்தி பாடுறதுக்கெல்லாமா கோவிச்சுக்குவாங்க."

"பாத்தியா..."

"உன் கீபோர்டு மட்டும் கரெக்டா விழுதாக்கும்?"

"கட்டையை அழுத்தினா சத்தம் சொல்ப நிதானமாத்தான் வரும். நான் முன்னாடியே அழுத்திப் பழகிட்டேன். அப்படியும் கோணலா இருந்தா ஒரு பட்டன் இருக்கு, அதுவே எல்லாத்தையும் கோட்டுல நிறுத்திடும். குரலுக்கு அது ஆவாது."

"உனக்குப் பட்டன். எனக்கு வீணா."

மரகதம் மடியிலிருந்த ஹெட்போனை எடுத்து மைக்கின் வாயில் வைத்து அழுத்தினாள்.

"என்னாக்கா பண்றே?"

"இந்த டிக்கு உன் மெஷினோடதுதானே? பொய் சொல்லாததுதானே? அதையே பதிவு பண்ணு. எங்கே விழுதுன்னு பாக்கலாம்."

அக்காவின் வாயை அடைப்பதற்காக முனிராஜ் பதிவை ஓடவிட்டான். பிறகு திரையைப் பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான். ஒவ்வொரு டிக்கும் தன் கோட்டுக்கு ஒரு விரற்கடை பின்னால் உட்கார்ந்திருந்தது.

"ஐயோ பாவம், அதுக்கும் தாளம் வரலையே," என்றாள் மரகதம். "அதுக்கும் ஒரு வீணாவைப் பாக்கணும்."

முனிராஜ் எதையெதையோ திறந்தான். உள்ளே வரும் ஒலியைச் சற்றுப் பிடித்துவைத்து அனுப்பும் பஃபர் என்ற இடத்தில் அளவு உச்சத்தில் நின்றது.

"இதை யாரு ஏத்தினது?"

"சத்தம் கரகரன்னு உடைஞ்சுதுன்னு..."

"யாருன்னு கேட்டேன்."

"நான்தான். பொங்கலப்போ."

அளவைக் குறைத்து மறுபடி பதிவு செய்தான். டிக் கோட்டில் வந்து நின்றது. மரகதம் ஒருமுறை பாடினாள். அவள் குரலும் வந்து நின்றது.

"நல்லாத்தான்க்கா இருக்கு. ஆனா வீணா கிளம்பிட்டா. வரவெச்சிட்டு எப்படி... ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதி பாடினா என்னா?"

"பாதி பாட்டு. சரி. முதல்ல நீ நடுவுல வர்ற கீபோர்டை வாசி. பட்டனைத் தொடாதே."

வாசித்தான். திரையில் ஒவ்வொரு சுரமும் கோட்டுக்கு முன்னால் விழுந்தது. கையை உதறிக்கொண்டு மறுபடி வாசித்தான். மறுபடியும் முன்னால். பொங்கலிலிருந்து முந்தி அழுத்திப் பழகிய விரல்கள், மெஷின் சரியாகிவிட்டதை அறியாமல், முந்திக்கொண்டே இருந்தன.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வீணா உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"வாம்மா வீணா," என்றாள் மரகதம். "உனக்குக் கீபோர்டு வாசிக்க வருமா?"